அத்தியாயம் 7: குழல் நுனியில் என்ன வைக்கலாம்?

பயிர்காவல் துவக்கு வைத்திருப்பவருக்கு, குழல் நுனியில் இருக்கும் பித்தளை மணிமேல் குறை சொல்லத் தோன்றும் வயது ஏறக்குறைய நாற்பத்தைந்து. அதுவரை அப்படி ஒரு மணி இருப்பதே அவருக்கு நினைவிருக்காது. ஒரு பெரும்போகத்தில், கதிர் பால் கட்டும் நேரத்தில், பொழுது பட்டதும் பன்றி வரம்பேறுகிறது. துவக்கைத் தோளில் வைத்தால் குழல் கறுப்பு, பன்றி கறுப்பு, நடுவில் மணியைக் காணவில்லை. அடுத்த நாள் காலையில் மகனின் கைபேசியில் தேடல் தொடங்கிவிடும்.

அங்கே வந்து குவிவது பெரும்பாலும் கைத்துப்பாக்கிக்காரருக்கென்று செய்த சாமான். முக்கோணக் குறி, பச்சையாக ஒளிரும் குச்சி, அகன்ற வட்டம், ஒற்றைப் பெரிய வெள்ளைப் பொட்டு என்று கடையில் இல்லாத வடிவமே இல்லை. கனடாவில் இருக்கும் மருமகனிடம் கேட்டால் அவனும், "மாமா, வரேக்க வாங்கிக்கொண்டு வாறன்" என்பான். வாங்கச் சொல்வதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும், எதைச் சோதிக்க வேண்டும் என்பதற்கே இந்த அத்தியாயம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் கமக்காரர் கையில் இருக்கக்கூடிய 12 போர் ஒற்றைக்குழல் துவக்கை மனதில் வைத்தே எல்லாம் சொல்லப்படுகிறது. அதுவும் கச்சேரியில் அனுமதிப்பத்திரம் பெற்ற துவக்கு. அனுமதியில்லாத இடியனுக்கும், ஆளையும் மாட்டையும் பார்த்து வெடிக்கத் தெரியாத கட்டுத்துவக்குக்கும் இந்த நூலில் இடமில்லை.

கைத்துப்பாக்கியின் கவலை வேறு

முதலில் ஒரு கணக்கு. கைத்துப்பாக்கியில் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையில் ஏறக்குறைய 16 சதமமீற்றர்தான் இருக்கும். சுடும்போது இவ்விரண்டும் ஒரு மில்லிமீற்றர் விலகினால், 25 மீற்றர் தூரத்தில் ரவை 15 சதமமீற்றருக்கும் மேலே விலகிப் போகும். ரவையும் ஒன்றே ஒன்று. அதனால் கைத்துப்பாக்கிக்காரரின் கவலையெல்லாம் அந்த ஒரு மில்லிமீற்றரைப் பிடிப்பதில் இருக்கிறது. விதவிதமான குறிகள் பிறந்ததும் அந்தக் கவலையிலிருந்துதான்.

சன்னத் துவக்கில் பின்குறி கிடையாது. உங்கள் கண்ணே பின்குறி. கண்ணுக்கும் நுனி மணிக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு மீற்றர். கண் ஒரு மில்லிமீற்றர் விலகினால் 25 மீற்றரில் வரும் பிழை இரண்டரைச் சதமமீற்றர். அந்தத் தூரத்தில், நுனி நெரிக்கப்படாத வெறுங்குழலிலிருந்து புறப்பட்ட சன்னங்கள் ஏறக்குறைய ஒரு மீற்றர் அகலத்துக்கு விரிந்திருக்கும். ஒரு மீற்றர் விரிவுக்குள் இரண்டரைச் சதமமீற்றரைத் தேடிப் பணம் செலவழிப்பதில் அர்த்தமில்லை. நுனி முழுதாக நெரிக்கப்பட்ட குழல் என்றால் விரிவு அதில் பாதிக்குச் சற்று மேல். அப்போதும் கணக்கு பெரிதாக மாறாது.

ஆகவே கைத்துப்பாக்கிக் குறிகளைப் பார்க்கும்போது "இது நல்லதா?" என்று கேட்டுப் பயனில்லை. இது யாருடைய எந்தச் சங்கடத்துக்காகச் செய்யப்பட்டது, அந்தச் சங்கடம் என்னிடமும் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுப் டிக்கெச் ஒரு கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு வெள்ளி வென்ற படத்தைப் பார்க்காதவர் குறைவு. அதே போட்டிகளில் இந்தியாவின் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றார். பத்து மீற்றர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீற்றர், விரல் நகத்தளவு. அதை அடிக்க அவர்கள் பயன்படுத்துவது சதுரப் பள்ளமும் சதுரக் கட்டையும். மிகப் பழைய, மிகச் சாதாரணமான குறி. போட்டி விதிகள் கண்ணாடி வில்லை, லேசர் எதையும் அனுமதிப்பதில்லை, திறந்த குறி மட்டுமே. நுணுக்கம் வேண்டியவர் இன்னும் பழைய வடிவத்திலேயே நிற்கிறார். புதுமையான வடிவங்கள் எல்லாம் பக்கத்திலிருந்து, அவசரமாக, மங்கல் வெளிச்சத்தில் சுடுகிறவருக்காக வந்தவை. இந்த இரண்டாவது ஆள் நம் காவல் கொட்டிலில் இருப்பவருக்குக் கொஞ்சம் உறவு. அதனால்தான் இவற்றை முழுவதுமாக ஒதுக்கிவிடாமல் ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம்.

வடிவங்கள்

முக்கோணக் குறியை ஒஸ்ரியாவின் ஸ்ரையர் நிறுவனம் 1999இல் தன் எம் வகைக் கைத்துப்பாக்கியில் கொண்டுவந்தது. முன்னால் ஒரு கூம்பு, பின்னால் அது பொருந்தும் சரிந்த பள்ளம். கண் தானாகக் கூம்பைப் பள்ளத்துக்குள் கொண்டுபோய் வைக்கும் என்பது யோசனை. பகலில் வேகமானதுதான். பின்பள்ளம் இல்லாத நம் துவக்கில் தனிக் கூம்பாக நின்றால் அதன் உச்சி ஊசிபோல மெலிந்து, அந்தியில் முதலில் மறைவதும் அந்த உச்சியே. வேண்டாம்.

ஓடைக் குறி இன்னும் விசித்திரமானது. அமெரிக்காவில் பாரிஸ் தியோடர் என்பவர் 1970களில் ஏ.எஸ்.பி. என்ற சிறிய கைத்துப்பாக்கிக்கு அதைச் செய்தார். அதில் முன்குறியே இல்லை. துப்பாக்கியின் முதுகில் வாய்க்கால்போல ஒரு ஓடை, அதன் மூன்று உள்பக்கங்களும் சமமாகத் தெரிந்தால் துப்பாக்கி நேராக இருக்கிறது. கேட்கப் புதுமையாக இருக்கும். ஆனால் நம் துவக்குக்காரர் பிறந்தது முதல் செய்துவருவது ஏறக்குறைய இதுதான். கன்னத்தைக் கட்டையில் அழுத்தி, குழலின் முதுகு வழியே பார்வையை ஓடவிட்டு, குழல் எந்தப் பக்கமும் சரியாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார். மணி அதற்கு ஒரு சாட்சி மட்டுமே. அப்படியிருக்க, ஓடைக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

மூன்று பொட்டுக் குறி, சன்னத் துவக்கில் குழப்பம் தவிர வேறொன்றும் தராது. லேசர் இரும்புக் குறியே அல்ல. அதைப் பற்றி இங்கே பேசவில்லை.

பெரிய வட்டக் குறி கவனிக்க வேண்டியது. கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு அகன்ற வளையம், அதன் நடுவே முன்குறி. வளையம் மங்கலாகத் தெரிந்தாலும் கண் அதன் நடுவைத் தானே பிடித்துக்கொள்ளும். ஒற்றை ஈயக் குண்டு சுடுகிறவருக்கு உண்மையில் உதவும். ஆனால் அதைப் பொருத்தக் குழலின் அடிப்பக்கத்தைத் துளைக்க வேண்டும். சிதறிப் போகும் சன்னத்துக்காக அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

ஆழமில்லாத அகன்ற V பள்ளமும் பெரிய உருண்டை முன்குறியும் சேர்ந்த வகையை இப்போது அமெரிக்காவின் எக்ஸ்.எஸ். நிறுவனம் கைத்துப்பாக்கிக்கு விற்கிறது. இதன் பூர்வீகம் கைத்துப்பாக்கியே அல்ல. ஆபிரிக்காவிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் பெரிய விலங்குகளை வேட்டையாடிய வெள்ளைக்காரரின் ரைபிள்களில் இருந்த குறி இது. பாய்ந்து வரும் விலங்கின்மேல் உடனே வைக்க முடியும் என்பதே அதன் பெருமை. நம் காடுகளில் அந்த ரைபிள்கள் செய்த அழிவைப் பற்றி எழுதப் போனால் தனி நூலாகும். குறியின் யோசனை மட்டும் நல்லது. கைத்துப்பாக்கியிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்க ஒரே பாடம் அந்தப் பெரிய உருண்டைதான். ஏறக்குறைய ஐந்து மில்லிமீற்றர் விட்டமுள்ள வெள்ளை உருண்டை. 25 மீற்றரில் அது பன்னிரண்டரைச் சதமமீற்றரை மறைக்கும். காட்டுப்பன்றியின் தோளுக்கு அது ஒரு தடையே அல்ல. பின்பள்ளத்தை விட்டுவிடலாம்.

ஒளிக்குச்சி

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். சிவப்பிலோ பச்சையிலோ ஒரு மெல்லிய பிளாஸ்ரிக் குச்சி. பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தை உள்வாங்கி, நுனி வழியே கண்ணுக்கு அனுப்பும். மின்கலம் கிடையாது. நடுப்பகலில் நெருப்புப்பொறிபோல மின்னும், கடைக்காரர் கையில் வாங்கிப் பார்த்தால் மயங்காதவர் இல்லை.

ஆனால் அது வெளிச்சத்தைச் சேமித்து வைப்பதில்லை. வெளிச்சம் போனால் குச்சியும் போயிற்று. வெளிநாட்டு விளம்பரப் படங்களில் அந்திப் பொழுதிலும் அது மின்னுவதாகக் காட்டுவார்கள். பொய் இல்லை. இலண்டனில் ஆனி மாத அந்தி முக்கால் மணி நேரத்துக்கு நீளும். வன்னி நிலநடுக்கோட்டுக்கு ஒன்பது பாகை வடக்கே இருக்கிறது. இங்கே கார்த்திகை மாதத்தில் ஐந்து ஐம்பதை ஒட்டிச் சூரியன் மறைந்தால், இருபது இருபத்திரண்டு நிமிடத்தில் கையிலுள்ள எழுத்தை வாசிக்க முடியாது. பன்றி அதற்குப் பிறகுதான் புறப்படும்.

நிறமும் முக்கியம். பகலில் நம் கண் பச்சை கலந்த மஞ்சளை மிகத் தெளிவாகப் பார்க்கிறது. இருள இருள அந்தக் கூர்மை நீலப்பச்சைப் பக்கம் நகர்கிறது, சிவப்பு கறுப்பாகிவிடும். சிவப்புச் செம்பரத்தம்பூ பொழுது பட்டதும் கறுத்துப்போய், இலைகள் இன்னும் தெரிவதை வேலியோரத்தில் பார்த்திருப்பீர்கள். குச்சி வாங்கத்தான் வேண்டுமென்றால் பச்சை வாங்குங்கள். செம்மஞ்சளும் சிவப்பும் காலைக் குரங்குக்கு மட்டும் சரி.

குச்சி வாங்குகிறவர் கேட்க மறக்கும் ஒரு விடயம் நுளம்பெண்ணெய். இரவுக் காவலுக்குப் போகிறவர் கையிலும் கழுத்திலும் பூசிக்கொள்ளும் நுளம்பு விரட்டிகளில் டீட் என்ற இரசாயனம் இருந்தால், அது இத்தகைய பிளாஸ்ரிக்கைக் கரைத்து மங்கச் செய்துவிடும். பூசிய விரலால் நுனியைத் துடைத்தாலே போதும். பெற்றோலால் துடைப்பதும் அப்படியே.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய சங்கடம், அது மிக நன்றாகத் தெரிவதுதான். கைத்துப்பாக்கிக்காரர் முன்குறியைக் கூர்ந்து பார்க்க வேண்டும், இலக்கு மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. சன்னத் துவக்குக்காரர் இலக்கைக் கூர்ந்து பார்க்க வேண்டும், மணி மங்கலாக ஓரத்தில் தெரிந்தால் போதும். புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக்கில் பங்கெடுத்த ட்ராப் போட்டியில் களிமண் தட்டு விர்ரென்று பறந்து போகும். அதைச் சுடுகிறவர் தட்டையே பார்ப்பார். மணியைப் பார்க்கத் திரும்பிய கண்ணுக்குத் தட்டு திரும்பக் கிடைப்பதில்லை. பச்சைக் குச்சி கண்ணைத் தன்பக்கம் இழுக்கும். அந்த அரை நொடியில் வரம்பில் இருப்பது பன்றியா, பக்கத்து வயல்காரரின் நாயா என்று பார்க்க மறந்துவிடுவீர்கள். அதனால் மிகப் பிரகாசமானதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். குறுகிய, மங்கலான குச்சியே மேல்.

இருட்டிலும் தானே ஒளிரும் வகையும் உண்டு. அதற்குள் திரித்தியம் என்ற கதிரியக்க வாயு இருக்கிறது. பன்னிரண்டு வருடங்களில் அதன் ஒளி பாதியாகும். இலங்கைக்குள் கதிரியக்கப் பொருள் கொண்டுவருவது 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் வருகிறது. ஒரு பயிர்காவல் துவக்குக்காக அதற்கான அலுவலகத்துக்கும் அலைய வேண்டாம்.

உயரம் தரும் தொல்லை

குறி விற்பவர் யாரும் உயரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பழைய பித்தளை மணி குழலுக்கு மேல் இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான் நிற்கும். ஒளிக்குச்சியின் கூடு அதைவிட உயரம். முன்குறி உயர்ந்தால் அடி தாழும். மணி மூன்று மில்லிமீற்றர் உயர்ந்தால் 30 மீற்றரில் அடி ஒன்பது சதமமீற்றர் கீழே இறங்கும், ஐந்து உயர்ந்தால் பதினைந்து. பக்கவாட்டுப் பிழையைச் சன்ன விரிவு மன்னித்துவிடும் என்று மேலே சொன்னோம். உயரப் பிழை ஒவ்வொரு வெடிக்கும் ஒரே பக்கமாகவே போகும். பதினைந்து சதமமீற்றர் தாழ்ந்த அடி பன்றியின் நெஞ்சுக்குப் போகாமல் காலுக்குப் போகும். காலில் அடிபட்ட பன்றி பற்றைக்குள் படுத்துக்கிடக்க, காலையில் விறகுக்குப் போகும் பெண் அதன்மேல் தடுக்கி விழக்கூடும். குறியைத் தேர்ந்தெடுப்பதில் இதைவிட முக்கியமான அளவு வேறில்லை. வாங்கும்போது ஒளியைப் பார்க்குமுன் அடியிலிருந்து உச்சிவரை எத்தனை மில்லிமீற்றர் என்று கேளுங்கள்.

சுட்டுப் பார்த்தல்

எதையும் மாற்றுவதற்கு முன், இப்போதைய மணியோடு துவக்கு எங்கே போடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பலருக்குத் தெரியாது. தோட்டா விலைக்குத் தாளைச் சுட மனம் வருவதில்லை என்பது நியாயமே. ஆனால் தெரியாமல் குறி வாங்குவது அதைவிடச் செலவு.

அதற்கு முன் ஒரு வேலை. வன்னியில் வெடிச்சத்தம் வெறும் சத்தமல்ல. கேட்டதும் நெஞ்சு பதறும் ஆட்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். உங்கள் அனுமதியும் பயிர்காவலுக்குரியது. பொலிஸ் நிலையத்திலும் கிராம அலுவலரிடமும் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் ஒப்புக்கொண்டால் மட்டும், அயலுக்கும் சொல்லிவிட்டு, நல்ல பகலில் செய்யுங்கள். ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அதோடு விட்டுவிட்டு அடுத்த பகுதிக்குப் போங்கள். பின்னால் உயர்ந்த மண்மேடு வேண்டும். குளக்கட்டை மண்மேடாக நினைக்க வேண்டாம். அதன் மறுபக்கம் குளிப்பவர் இருப்பார், வலை வீசுபவர் இருப்பார். கண்ணிவெடி அகற்றி முடியாத காணியின் பக்கமும் போக வேண்டாம்.

சீமெந்துப் பைகளைப் பிரித்து ஒட்டினால் ஆளுயரத் தாள் கிடைக்கும். நடுவில் கரியால் ஒரு கைப்பிடியளவு பொட்டு. 25 மீற்றரில் நின்று, வழக்கமாகப் பயன்படுத்தும் அதே தோட்டாவால், ஒவ்வொரு முறையும் தோளிலிருந்து இறக்கி ஏற்றி, மூன்று வெடி. ஒவ்வொன்றுக்கும் புதுத் தாள். சன்னக் கூட்டத்தின் நடு எங்கே என்று பாருங்கள். மூன்றிலும் நடு, பொட்டிலிருந்து ஒரு சாணுக்குள் இருந்தால் உங்கள் துவக்கில் குறையில்லை. மணி தெரியாததே குறை. அதற்கு நிறம் போதும். ஒரு சாணுக்கு மேல், மூன்றிலும் ஒரே பக்கம் விலகினால், கட்டை உங்கள் கழுத்துக்கு நீளமோ குட்டையோ, அல்லது எங்கேயோ விழுந்து குழல் வளைந்திருக்கிறது. எந்தக் குறியும் அதைத் திருத்தாது. மூன்றும் மூன்று பக்கம் போனால் துவக்கைக் குறை சொல்ல வேண்டாம். கன்னம் ஒவ்வொரு முறையும் வேறிடத்தில் பட்டிருக்கிறது.

தோட்டாவுக்குத் தோட்டா வேறுபாடும் உண்டு. ஆங்கிலேய அளவுப்படி நாலாம் நம்பரில் ஒரு அவுன்சுக்கு 170 சன்னம், பிபியில் 70, எஸ்.ஜி.யில் எட்டே எட்டு. எட்டுச் சன்னம் ஒரு மீற்றருக்கு விரிந்தால் இடைவெளி வழியே பன்றியே புகுந்து போகும். சன்னம் குறையக் குறையக் குறியின் முக்கியத்துவம் கூடும். எஸ்.ஜி. சுடுகிறவர் இந்தச் சோதனையைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

வெடியில்லாத சோதனை

இதற்குச் செலவில்லை, அனுமதியும் தேவையில்லை, உண்மையில் இதுவே அதிகம் சொல்லித்தரும். துவக்கை முறித்துத் திறந்து, அறை வெறுமையாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாக்களை வீட்டுக்குள் வேறிடத்தில் வைத்துவிட்டு வாருங்கள். பழைய காட்போட் பெட்டியில் பன்றியுருவம் வெட்டி, கரி பூசி, காவல் கொட்டிலிலிருந்து 25 மீற்றரில், பின்னால் காணியின் வெறும் பக்கம் இருக்கும்படி நிறுத்துங்கள்.

சூரியன் மறைந்ததிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை துவக்கைத் தோளில் வையுங்கள். கண்ணை மூடி வைத்து, வைத்த பின் திறவுங்கள். மணி எங்கே நிற்கிறது? தேட வேண்டியிருந்ததா? முதலில் கண்ணுக்குப் பட்டது மணியா, பெட்டியா? மணி தெரியாமல் போன நேரத்தையும், பெட்டி தெரியாமல் போன நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டி முதலில் மறைந்தால் உங்களுக்குப் புதுக்குறி தேவையே இல்லை. மணி தெரிந்து என்ன பயன்? மணி முதலில் மறைந்து, பெட்டி இன்னும் பத்து நிமிடம் தெரிந்தால், அந்தப் பத்து நிமிடம்தான் குறி விற்பவர் உங்களுக்கு விற்கும் பொருள். அதன் பெறுமதியை நீங்களே கணக்கிடலாம்.

மூக்குக் கண்ணாடி போடுகிறவர் அதோடும் அது இல்லாமலும் பார்க்க வேண்டும். வாசிக்கும் கண்ணாடியோடு துவக்குப் பிடிக்க வேண்டாம். மணி கூராகும், பன்றி புகையாகும்.

ரோச் லைட்டோடும் ஒருமுறை பாருங்கள். தலையில் கட்டிய வெளிச்சம் குழலின் முதுகில் பட்டு, மினுக்கிய பித்தளையில் பட்டுக் கண்ணுக்கே திரும்பி வரும். பலர் "மணி தெரியவில்லை" என்று சொல்வது உண்மையில் இந்தக் கூச்சம். குழலின் முன்பாதியில் மினுக்கில்லாத கறுப்பு ரேப் ஒட்டினால் பாதிக் குறை தீரும். இரவில் வெளிச்சம் பிடித்துச் சுடுவதையே நான் ஊக்குவிப்பதில்லை. கட்டாக்காலி மாட்டின் கண்ணும் அந்த வெளிச்சத்தில் மின்னும். பக்கத்து வயலில் காவலுக்குப் படுத்திருப்பவரும் அதே இருட்டில்தான் இருக்கிறார். வந்தது யானை என்றால் பேச்சே இல்லை. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதைக் காக்கிறது. சன்னம் பட்ட யானை உடனே சாகாது, புண் புழுத்து, வாரக்கணக்கில் அலைந்து, கிராமத்துக்குள் கோபத்தோடு திரும்பி வரும். அதற்கு யானை வெடி, வெளிச்சம், கூட்டாகக் காவல்.

மலிவான வழி

சோதனை முடிந்து, உங்களுக்கு நிறம்தான் தேவை என்று தெரிந்தால், நகப்பூச்சுக் குப்பி இரண்டு வாங்குங்கள். ஒன்று வெள்ளை, ஒன்று இளம்பச்சை. மணியைச் சாராயத்தாலோ ஸ்பிரிற்றாலோ எண்ணெய் போகத் துடைத்து, முதலில் வெள்ளை இரண்டு பூச்சு, காய்ந்தபின் பச்சை ஒன்று. வெள்ளை அடியில் இல்லாவிட்டால் மேல் நிறம் பித்தளையோடு சேர்ந்து மங்கிவிடும். கண்ணை நோக்கும் பக்கம் மட்டும் பூசினால் போதும். உயரம் மாறாது, துளை இல்லை, பிடிக்காவிட்டால் ஒரு துடைப்பில் போய்விடும். வெற்றிலைச் சுண்ணாம்பை நுனியில் தொட்டு வைத்தாலும் ஓர் இரவுக்குப் போதும், மழை வரும்வரை.

மணி சிறியது என்பதுதான் குறை என்றால், அதே உயரத்தில் ஐந்து மில்லிமீற்றர் வெள்ளை மணி பொருத்துவது அடுத்த படி. பழைய மணி திருகி ஏற்றியதா, அடித்து இறுக்கியதா என்று பார்க்க வேண்டும். திருகியது என்றால் புரி அளவு நாட்டுக்கு நாடு வேறு, அமெரிக்க மணி ஆங்கிலேயக் குழலில் ஏறாது. லேத் கடையில் கொடுத்துப் புதுத் துளை போடவோ, பற்றவைக்கவோ வேண்டாம். நுனியில் குழல் சுவர் மெல்லியது, சூடு பட்டால் உருக்கின் பதம் கெடும். துவக்குத் திருத்த உரிமம் உள்ளவரிடம் மட்டும் போங்கள். காந்தத்தால் ஒட்டும் குறிகள் குழலின் மேல் தட்டையான பட்டி உள்ள துவக்குக்கே செய்யப்பட்டவை. உருண்டை முதுகுள்ள ஒற்றைக்குழலில் முதல் வெடியிலேயே சரிந்துவிடும். உடனடிப் பசை சூட்டிலும் எண்ணெயிலும் விடும்.

பழைய இரும்பில் கிடைத்தது, காணி வெட்டும்போது வந்தது என்று யாராவது போர்க்காலத் துப்பாக்கியின் குறியொன்றைக் காட்டினால் கையில் வாங்க வேண்டாம். அது ஒரு சுடுகலனின் பாகம். எடுத்த இடத்தில் வேறென்ன கிடக்கிறது என்பதும் தெரியாது. ஹலோ ட்ரஸ்ட், மக், டாஷ் போன்ற கண்ணிவெடி அகற்றும் அமைப்புகள் இத்தனை வருடமாக இம்மண்ணில் கிளறிக்கொண்டிருப்பது அதைத்தான். பொலிஸுக்குச் சொல்லுங்கள்.

மருமகனின் பயணப்பெட்டிக்கு வருவோம். சுங்கத்தில் அதைத் துப்பாக்கிப் பாகமாகப் பார்த்தால் விளக்கம் சொல்ல வேண்டியவன் அவன். அவன் பயணம் புறப்படுமுன் பாதுகாப்பு அமைச்சிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் வராவிட்டால் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2024 இறுதியில் தற்பாதுகாப்புக்கென்று கொடுத்த சுடுகலன்களையே மீளாய்வுக்காகத் திருப்பிக் கேட்ட நாடு இது.

1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 31உடன் முடியும். மணியை மாற்றியிருந்தால், புதுப்பிக்கப் போகும்போது கேட்கும் முன்னரே சொல்லுங்கள், திருத்துநரின் பற்றுச்சீட்டையும் காட்டுங்கள். கழற்றிய பழைய மணியை ஒரு சிறிய பொலித்தீன் பையில் போட்டு, அனுமதிப்பத்திரத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பெயர் மாற்றும்போதோ துவக்கை ஒப்படைக்கும்போதோ அதையும் கூடவே கொடுக்க வேண்டியிருக்கும்.